இலையில் இட்ட கணக்கு

மார்கழி பிறக்க இன்னும் சில வாரங்களே உள்ளன. கோலமிட்ட வாசல்களும், பனியில் நனைந்த பிராகாரமும், தொன்னையில் ஆவி பறக்கும் வெண்பொங்கலும் இப்போதே நினைவில் எழுகின்றன. அந்தத் தொன்னையை நினைக்கும்போது நம் வாசகர்களில் பலருக்கு உள்ளூர ஒரு தயக்கமும் எழும் என்பதை நான் அறிவேன். சர்க்கரை நோய் உள்ளவர் பிரசாதத்துக்குக் கை நீட்டலாமா, கும்பிட்டு விலகிவிட வேண்டுமா? ஏகாதசிக்குப் பட்டினி இருக்கலாமா, கூடாதா? இக்கேள்விகளுக்கு எனக்கு விடை கிடைத்த விதத்தையும், அதனோடு நான் கேட்காத வேறொரு கேள்விக்கும் விடை கிடைத்ததையும் இவ்வாரம் அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

வங்கியில் முப்பத்தாறு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்ற மறு ஆண்டே எனக்குச் சர்க்கரை நோய் இருப்பது தெரியவந்தது. இது எனக்கு மட்டும் வாய்த்த விதியன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடைபெற்று 2023-இல் வெளியான பெரும் ஆய்வு, நம் நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் இந்நோயுடன் வாழ்கிறார்கள் என்று கணித்திருக்கிறது. மருத்துவர் மாத்திரைகளை எழுதிக் கொடுத்துவிட்டு, "கீழ்த்தளத்தில் உணவியல் ஆலோசகர் இருக்கிறார். அவசியம் பார்த்துவிட்டுப் போங்கள்" என்றார். நான் பார்க்கவில்லை. அறுபது ஆண்டுகளாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிற ஒருவன், எப்படிச் சாப்பிடுவது என்று இன்னொருவரிடம் பாடம் கேட்பதா என்ற எண்ணம்தான் காரணம்.

பாடம் சொல்வதற்கு வேறு ஆசிரியர்கள் நிறையக் கிடைத்தார்கள். நடைப்பயிற்சி நண்பர் ஒருவர் அரிசியையே விஷம் என்றார். அவர் சொற்படி இரவில் சப்பாத்திக்கு மாறினேன். இன்னொருவர் வெறும் வயிற்றில் பாகற்காய்ச் சாறு குடிக்கச் சொன்னார். உறவினர் ஒருவர் பழம் என்ற பெயரே கூடாது என்றார். கைப்பேசியில் நாள்தோறும் வந்த செய்திகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டன. இத்தனையையும் கடைப்பிடித்த பிறகும் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 8.9 என்றே நின்றது. சப்பாத்தியும் மாவுச்சத்துதான், நான்கு சப்பாத்தி உண்பவனுக்கு அரிசியை விட்டதனால் பெரிய ஆதாயம் ஏதுமில்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது.

அந்த ஆண்டு வைகுண்ட ஏகாதசி வந்தது. இளமை முதல் நான் விடாத விரதம். காலை எட்டு மணிக்கு வழக்கமான மாத்திரையைத் தவறாமல் விழுங்கினேன். உணவை மட்டும் விட்டேன். பரமபத வாசலுக்கான வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது, பதினொரு மணி அளவில், குளிர் காலத்திலும் உடல் முழுதும் வியர்த்தது. கை நடுங்கியது. எதிரில் இருந்த தூண் இரண்டாகத் தெரிந்தது. படியில் சரிந்து உட்கார்ந்தவனின் வாயில், வரிசையில் பின்னால் நின்ற ஓர் அம்மையார் தம் அர்ச்சனைத் தட்டிலிருந்த கற்கண்டை எடுத்துப் போட்டார். மருத்துவமனையில் சோதித்தபோது, அதன் பிறகும் சர்க்கரை 54-தான் இருந்தது. எழுபதுக்குக் கீழே இறங்கினாலே தாழ்சர்க்கரை என்பது மருத்துவக் கணக்கு. நான் உட்கொண்டது இன்சுலினைச் சுரக்கத் தூண்டும் வகை மாத்திரை. உண்ணாத வயிற்றில் அது தன் வேலையைச் செய்துவிட்டது. "கற்கண்டு கொடுத்தவர் உங்கள் உயிரைக் காப்பாற்றினார்" என்றார் மருத்துவர். இம்முறை அவர் என்னைக் கீழ்த்தளத்துக்குச் செல்லுமாறு சொல்லவில்லை. ஒரு செவிலியரைத் துணைக்கு அனுப்பி அழைத்துப் போகச் செய்தார்.

உணவியல் ஆலோசகர் என் மகள் வயதுடையவர். அறையில் நுழைந்ததும், "எதையெல்லாம் சாப்பிடக் கூடாது என்று ஒரு பட்டியல் கொடுங்கள் அம்மா, கடைப்பிடித்துவிடுகிறேன்" என்றேன். அவர் சிரித்தார். "பட்டியல் உங்களிடமே நிறைய இருக்கும் போலிருக்கிறதே, ஐயா. முதலில் நீங்கள் சொல்லுங்கள், நான் எழுதிக்கொள்கிறேன்" என்றார்.

அடுத்த அரைமணி நேரம் அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். உயரம், எடை, இடுப்புச் சுற்றளவு ஆகியவற்றை அளந்தார். இரத்தப் பரிசோதனைத் தாள்களைப் புரட்டினார். என்னென்ன மாத்திரைகள், எந்தெந்த நேரத்தில் என்று குறித்துக்கொண்டார். முந்தைய நாள் எழுந்தது முதல் உறங்கும் வரை வாயில் போட்டது அனைத்தையும், காப்பியில் இட்ட சர்க்கரை உட்பட, சொல்லச் சொன்னார். எப்போது உறங்குகிறேன், பல் உறுதியாக இருக்கிறதா, வீட்டில் சமைப்பவர் யார், மளிகைக்கு எவ்வளவு செலவாகிறது என்றெல்லாம் கேட்டார்.

எனக்கு உடனே பழைய வேலை நினைவுக்கு வந்தது. கடன் கேட்டு வரும் விவசாயியிடம் நாங்கள் முதலில் பணத்தைப் பற்றிப் பேசமாட்டோம். நிலம் எவ்வளவு, எந்தப் போகம், வேறு வருமானம் உண்டா, வீட்டில் உண்பவர் எத்தனை பேர் என்று விசாரிப்போம். அறுவடை தை மாதத்தில் என்றால், தவணையையும் அதற்கேற்பவே வைப்போம். ஐப்பசியில் கட்டு என்று எழுதினால் காகிதத்தில் அழகாக இருக்கும், பணம் வராது. கட்ட முடியாத தவணையைப் போன்றதுதான் கடைப்பிடிக்க முடியாத பத்தியமும். அந்தப் பெண் செய்துகொண்டிருந்தது, கடன் மனுவைப் பரிசீலிக்கும் நல்ல அதிகாரியின் வேலை.

பின்னர் அவரிடம் கேட்டும், நூல்களைப் படித்தும் இத்துறையின் நோக்கங்களை ஓரளவு அறிந்துகொண்டேன். உணவு ஆலோசனைக்கு நான்கு படிகள் உண்டு. முதலாவது, உள்ள நிலையை மதிப்பிடுவது. இரண்டாவது, உண்மையான குறை எங்கே என்று கண்டறிவது. மூன்றாவது, அந்த மனிதரோடு கலந்து, அவரால் இயலக்கூடிய ஒன்றிரண்டு மாற்றங்களை முடிவு செய்வது. நான்காவது, குறிப்பிட்ட நாளில் மீண்டும் வரச்சொல்லி, பயன் விளைந்ததா என்று சரிபார்ப்பது. எடையைக் குறைப்பதோ, சர்க்கரையை இறக்குவதோ மட்டும் அதன் நோக்கமன்று. உடலுக்கு வேண்டிய சத்து குறையாமல், நோய் மிகாமல், உண்ணும் மகிழ்ச்சி கெடாமல், ஒருவர் தம் குடும்ப வழக்கத்தோடும் நம்பிக்கையோடும் தாமே தம் உணவை நடத்திக்கொள்ளும் திறத்தை உண்டாக்குவதே அதன் முடிவான குறிக்கோள்.

ஒருவருக்குச் சொன்னது மற்றவருக்கு ஏன் பொருந்தாது என்பதும் அப்போதுதான் விளங்கியது. இளநீரும் வாழைப்பழமும் நல்லவைதாம். சிறுநீரகம் பழுதுற்ற ஒருவருக்கு அவற்றிலுள்ள பொட்டாசியமே ஆபத்தாகலாம். கீரை யாவர்க்கும் நன்று என்போம். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை உண்பவர் கீரையின் அளவைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது. இளைத்துவரும் முதியவருக்குக் கட்டுப்பாடு சொல்வதைவிட, இரண்டு கவளம் கூட உண்ண வழி சொல்வதே தேவையாகலாம். பூங்காவில் நின்று பொதுவாகச் சொல்லும் நண்பருக்கு நம் பரிசோதனைத் தாள் தெரியாது.

என்னிடம் அவர் கேட்ட கேள்விகளில் ஒன்றை நான் மறக்கமுடியாது. "எதை உங்களால் விடவே முடியாது, ஐயா?" என்றார். சற்று நாணத்தோடு, "மார்கழிப் பொங்கலை" என்றேன். "விட வேண்டாம்" என்றார். "தொன்னை நிறைய வேண்டாம். எலுமிச்சம்பழ அளவு வாங்கிக்கொள்ளுங்கள். அன்று காலைச் சிற்றுண்டியில் ஓர் இட்லியைக் குறைத்துவிடுங்கள். சாம்பாரில் காயைக் கூட்டுங்கள். கோயிலுக்கு நடந்தே போய் வாருங்கள்." இதுவரை எனக்கு அறிவுரை சொன்னவர் அனைவரும் பற்றுப் பத்தியை மட்டுமே காட்டினார்கள். வரவும் பற்றும் நேர்செய்யலாம் என்று சொன்னவர் இவர் ஒருவர்தாம்.

ஏகாதசியைப் பற்றியும் அவர் அலட்சியமாகப் பேசவில்லை. மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் தம் அதிகாரத்தில் இல்லை, அது மருத்துவரின் பொறுப்பு என்று தெளிவாகச் சொல்லி, விரத நாளுக்கு முன்பே மருத்துவரைக் கேட்டு அளவை மாற்றிக்கொள்ளச் செய்தார். முழுப் பட்டினிக்குப் பதில் பால், மோர், அளவான பழம் என்று நேரம் பிரித்துக் கொடுத்தார். நடுக்கமோ வியர்வையோ கண்டால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்து உடனே குடித்து, கால்மணி கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும் என்றார். நம் பெரியோரும் பாலையும் பழத்தையும் மருந்தையும் விரதத்துக்குப் பங்கமாகக் கருதவில்லை. நோயுற்றோருக்கும் முதியோருக்கும் விலக்கு அளித்தே வைத்திருக்கிறார்கள். அதை மறந்து பிடிவாதம் பிடித்தவன் நான்.

இதுவரை சொன்னது என் கணக்கு. இனிச் சொல்லப்போவது நான் திறந்தே பாராத ஒரு பேரேட்டின் கணக்கு.

"அடுத்த முறை அம்மாவையும் அழைத்து வாருங்கள். சமைக்கிறவரிடம் பேசாமல் நான் எழுதிக் கொடுப்பது எதுவும் நடக்காது" என்று ஆலோசகர் சொல்லியிருந்தார். என் மனைவி தயங்கியே வந்தாள். தன் சமையலால்தான் எனக்கு நோய் வந்தது என்று குற்றம் சாட்டப்போகிறார்கள் என்பது அவள் அச்சம். உறவினர் சிலர் அப்படிப் பேசியும் இருந்தார்கள். ஆனால் அந்தப் பெண் முதலில், "இரண்டு பேருக்குத் தனித்தனியாகச் சமைத்து நீங்கள் களைத்துப் போயிருப்பீர்களே, அம்மா" என்றார். மனைவியின் கண்கள் கலங்கிவிட்டன. பிறகு இயல்பாக, "நேற்று நீங்கள் என்னென்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள். பதில் சொல்லவில்லை. மீண்டும் கேட்டபோது மெல்லச் சொன்னாள். காலையில் காப்பி. பதினொரு மணிக்கு இன்னொரு காப்பி. பகல் மூன்று மணிக்கு மோர்ச்சோறும் ஊறுகாயும். மாலையில் தேநீர். இரவு எனக்குச் சப்பாத்தி இட்டு முடித்த பின், மீந்த சோறு. "கூட்டும் பொரியலும்?" என்று கேட்டார் ஆலோசகர். "இவருக்குக் காய் நிறைய வேண்டும் என்றார்களே. எனக்கு எதற்கு?" என்றாள்.

முப்பத்தெட்டு ஆண்டு இல்லறம். எத்தனையோ கிளைகளின் கணக்குகளைத் தணிக்கை செய்து, ஒரு ரூபாய் வேறுபாட்டுக்காக நள்ளிரவு வரை அமர்ந்திருக்கிறேன். என் எதிரில் நின்று பரிமாறுபவளின் தட்டில் என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. அவள் எடை ஓராண்டில் ஆறு கிலோ குறைந்திருந்தது. படியேறினால் மூச்சு வாங்குவதை வயதின் மேல் போட்டிருந்தோம். ஆலோசகரின் வேண்டுகோளின்படி மருத்துவர் பரிசோதிக்கச் சொன்னபோது ஹீமோகுளோபின் 8.8 என்று வந்தது. பெண்களுக்கு 12-க்குக் குறையலாகாது. வேறு காரணம் உண்டா என்று மருத்துவர் சோதித்து, இல்லை என்று உறுதி செய்து, இரும்புச்சத்து மாத்திரை எழுதினார்.

இக்குறை எங்கள் வீட்டுக்கு மட்டும் உரியதன்று. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 57 பேர் இரத்தசோகை உள்ளவர்கள். வீட்டில் நோயாளி என்று ஒருவர் அறிவிக்கப்பட்டுவிட்டால், மற்றவர் உணவைக் கவனிப்பார் இல்லை. அவரைக் கவனித்துக்கொள்பவரின் உணவு இன்னும் பின்னுக்குப் போய்விடுகிறது.

அன்று ஆலோசகர் சொன்ன மாற்றங்கள் மிக எளியவை. இரண்டு அடுப்பு, இரண்டு சமையல் வேண்டாம். எனக்கு ஏற்ற உணவே அவருக்கும் ஏற்றது, அளவு மட்டும் வேறு. தட்டில் பாதி காயும் கீரையும், கால்பங்கு சோறு அல்லது சப்பாத்தி, கால்பங்கு பருப்பு அல்லது சுண்டல், உடன் ஒரு கிண்ணம் தயிர். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் தேவை என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் அளவு. 48 கிலோ எடையுள்ள என் மனைவிக்கு ஏறக்குறைய 40 கிராம். 30 கிராம் பருப்பில் கிடைப்பது 7 கிராம்தான். மோர்ச்சோறும் ஊறுகாயும் அந்தக் கடனை எந்நாளும் தீர்க்கா. கீரை, பயறு உண்ணும்போது எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் அவற்றின் இரும்புச்சத்து நன்கு உடலில் சேரும். உணவோடு காப்பி, தேநீர் குடித்தால் அது சேராமல் போகும். ஆகவே இடையில் ஒரு மணி நேரமாவது விடவேண்டும். உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்கு மேற்படாமல் இருப்பது இருவருக்கும் நல்லது. இறுதியாக ஒன்று சொன்னார்: "இரண்டு பேரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். பரிமாறிக்கொள்ள உங்களுக்குக் கை இல்லையா, ஐயா?"

வெட்கப்பட்டேன். அன்று முதல் நான்தான் தட்டுகளை எடுத்து வைக்கிறேன். காயும் நறுக்கக் கற்றுக்கொண்டேன், வாழைப்பூவைத் தவிர.

உணவு ஆய்வு நமக்குப் புதிதன்று. இன்று ஹைதராபாத்தில் இயங்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், 1918-இல் நம் குன்னூரில், ராபர்ட் மெக்கரிசன் என்ற மருத்துவரால் ஒரே அறையில் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கப்பட்டதே. 1958-இல்தான் அது ஹைதராபாத்துக்குச் சென்றது. அதற்கும் நெடுங்காலம் முன்பே திருவள்ளுவர், மருந்து என்னும் அதிகாரத்தில் மூலிகைகளைப் பட்டியலிடாமல், உண்ணும் அளவைப் பற்றியும் பசித்து உண்பதைப் பற்றியுமே பெரிதும் பேசுகிறார்.

ஆலோசனை பெற விரும்பும் அன்பர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உணவியல் பட்டம் பெற்றவரா, மருத்துவமனைப் பயிற்சி உள்ளவரா என்று விசாரித்துச் செல்லுங்கள். 2021-ஆம் ஆண்டின் துணைநிலை மருத்துவப் பணியாளர் சட்டம் இத்தொழிலையும் தன் வரம்பில் சேர்த்திருக்கிறது. முதல் சந்திப்பிலேயே விலையுயர்ந்த பொடி டப்பாவை விற்பவரையும், மாத்திரையை நிறுத்தச் சொல்பவரையும் வணங்கி விலகுங்கள். நம்மிடம் பேசுவதைவிட அதிகமாகக் கேட்பவர்தாம் நல்ல ஆலோசகர் என்பது என் அனுபவம். செல்லும்போது மறைக்காமல் சொல்லுங்கள். கணக்கை மறைத்துக் கடன் வாங்கியவர் தேறியதில்லை.

ஆறு மாதங்களில் என் ஹெச்பிஏ1சி 7.2 ஆயிற்று. மனைவியின் ஹீமோகுளோபின் 11.4-க்கு ஏறியது, எடையும் மூன்று கிலோ மீண்டது. கணக்கு இன்னும் முழுதாக நேராகவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை இருவரும் சேர்ந்தே கீழ்த்தளத்துக்குச் சென்று வருகிறோம்.

சென்ற மார்கழியில் கோயிலில் ஒரே ஒரு தொன்னை வாங்கினோம். என் பங்குக்கு எலுமிச்சம்பழ அளவு. மீதியை மனைவி, வாசலில் பூ விற்பவரின் பேரனோடு பகிர்ந்து உண்டாள். அவள் உண்டு முடிக்கும் வரை நான் அருகில் நின்றிருந்தேன். அன்பர்களே, இந்த மார்கழியில் உங்கள் தட்டைப் பற்றிக் கவலைப்படும் முன், உங்களுக்குப் பரிமாறுபவர் இன்று என்ன சாப்பிட்டார் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். எல்லா இல்லங்களிலும் நோயின்றி நிறைவு விளங்க இறைவன் அருள்வானாக.